மலையை மறைத்து நின்ற அத்தை

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஏலகிரிப் பக்கங்களைப் புரட்டுகிற எவரும் முதலில் கேட்பது, "இந்தப் பையன் யாரு?" என்றுதான். குரங்குக் குல்லாயும் ஒழுகும் மூக்குமாக நாலு வயதுப் பிள்ளை ஒன்று நைனாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நிற்கும். ஒரு படத்தில் என் இடுப்பில் இருக்கும். இன்னொன்றில் நைனாவின் தோள்மேல் உட்கார்ந்து அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்திருக்கும். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அவன் எங்களுக்கு உறவும் இல்லை, வேனில் எங்களோடு வந்த வேறொரு குடும்பத்தின் பிள்ளை. நைனா, அம்மா, நான் என்று மூன்று பேர் மட்டும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டால் ஆகாது என்பதால், தலைக்கணக்கை நாலாக்க அவனை இரண்டு நாளும் இரவல் வாங்கிக்கொண்டோம்.

மூன்று பேராக நின்றால் அப்படி என்னதான் ஆகும் என்று நான் நைனாவிடம் கேட்டிருக்கிறேன். "ஆவாதுன்னா ஆவாது" என்பதோடு முடித்துக்கொள்வார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். இரும்பைத் தலைமுடிப் பருமன்கூடப் பிசகாமல் கடைந்து கொடுப்பவர் என்று பேர். பேச்சிலும் அதே அளவுதான், ஒரு சுற்று கூடுதலாகச் சுழலாது. காலையில் போகும்போது "வரேன்", ராத்திரி வந்ததும் "சோறு". நடுவில் ஏதாவது சொன்னால் அன்றைக்குப் பட்டறையில் ஏதோ விசேஷம் என்று அர்த்தம்.

நாலாவது ஆள் எங்கள் வீட்டிலேயே இருக்கத்தான் செய்தாள். நைனாவின் தங்கை, என் அத்தை. ஆனால் அவள் படத்துக்குள் வர முடியாது. கேமரா அவளுடையது, படம் எடுக்கத் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான்.

அத்தை எஸ்டேட்டில் ரேடியோ பாகங்களைப் பற்றவைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கூட வேலை செய்தவளின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேமராவை, முதல் போனஸ் வந்ததும் வாங்கிவிட்டாள். வாங்கின நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை, ஒரு மலையைப் படம் எடுக்க வேண்டும். அதுவும் ஒரு ஆள்கூட குறுக்கே நிற்காத மலை. அம்பத்தூரில் அண்ணாந்து பார்க்க இருந்தது ஒரு தண்ணீர்த் தொட்டிதான். அதையும் நாலு திசையிலிருந்தும் எடுத்து முடித்துவிட்டாள். "மனுஷங்க மூஞ்சிய எடுத்து எடுத்து போரடிக்குது அண்ணி" என்று அம்மாவிடம் சொல்லுவாள். அம்மா, "மலைக்கு இன்னா மூஞ்சா கீது, எடுக்கிறதுக்கு?" என்பாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அவர்கள் எதற்குச் சிரிப்பார்கள் என்றே எனக்குப் புரியாது. அத்தை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் இருவரும் பின்பக்கம் அரிவாள்மணையோடு உட்கார்ந்துவிடுவார்கள். வெங்காயம் நறுக்கி முடிந்த பிறகும் பேச்சு முடியாது. நான் பக்கத்தில் போனால் "போய் வெளையாடு போ" என்று துரத்துவார்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும். என்னிடம் இல்லாத கதையா, நான் சொல்லமாட்டேனா என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் மார்கழியில் அத்தைக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு வடக்கே ஏதோ ஒரு ஊரில் இரும்பாலையில் வேலை. ரயிலில் இரண்டு நாள் போக வேண்டுமாம். பொங்கலுக்குப் பத்து நாள் லீவில் வருவார், அதற்குள் பெண் பார்த்து நிச்சயம் செய்துகொண்டு திரும்பிவிடுவார். மாப்பிள்ளையின் அம்மா கறாரானவர். போட்டோ பிடித்திருந்தால்தான் நேரில் வருவார். அதிலும் ஸ்டுடியோ போட்டோ கூடவே கூடாது. முன்பு ஒருமுறை ஸ்டுடியோ போட்டோவை நம்பிப் பூந்தமல்லி வரை பஸ் ஏறிப் போய், அங்கே காப்பித் தட்டோடு வந்து நின்றது வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டாராம். ஸ்டுடியோக்காரர் பென்சிலால் முகத்தைத் திருத்திய கைங்கரியம் அப்படி. ஆகவே வெளியில், பகல் வெளிச்சத்தில், தலையிலிருந்து கால் வரைக்கும் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

நைனாவுக்கு இந்த இடத்தை விட மனசில்லை. "அப்பன் இல்லாத பொண்ணு. அண்ணங்காரன் கவனிக்காம உட்டான்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது" என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதே எங்களுக்கு ஆச்சரியம். அம்மா தலையாட்டினாள். பெண் பார்க்க வந்தால் சொஜ்ஜி செய்யலாமா, கேசரி செய்யலாமா என்று என்னையே யோசனை கேட்டாள். அத்தை மட்டும் பிடி கொடுக்கவில்லை. கேட்டால், "அண்ணன் பாத்து செய்றது தப்பா பூடுமா?" என்று கேமராவைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

அந்த நேரம் பார்த்து, நைனாவின் பட்டறையில் நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து ஏலகிரி போவதென்று முடிவானது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நைனா கணக்குப் போட்டார். மலைக்கு முன்னால் பட்டுப்புடவையில் அத்தையை நிறுத்தி எடுத்தால், எந்த மாமியாருக்கும் பிடித்துப்போகும். அத்தை மலை என்ற வார்த்தையை மட்டும் கேட்டுக்கொண்டு முப்பத்தாறு படம் எடுக்கிற கலர் ரோல் ஒன்றை வாங்கி வந்தாள்.

அம்பத்தூரில் ஸ்வெட்டர் யாரிடம் இருக்கும்? ஆவடி ராணுவக் குவார்ட்டர்ஸில் இருந்த நைனாவின் சிநேகிதர் ஒரு மூட்டை கொடுத்தார். எனக்கு வாய்த்தது முழங்கால் வரை தொங்கும் ஒரு காக்கி ஸ்வெட்டர். அதைப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவை மூன்று முறை சுற்றி வந்தேன். வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் கழற்றவில்லை.

சனிக்கிழமை மலையேறினோம். வளைவுக்கு வளைவு யாராவது ஒருவர் வாந்தி எடுக்க, நான் மட்டும் எடுக்கவில்லை என்பதில் எனக்கு அப்படி ஒரு கர்வம். மேலே போய்ச் சேர்ந்ததும் அத்தையின் ரோலுக்கு அனர்த்தம் ஆரம்பித்தது. கேமரா இருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் வேனே வரிசையில் நின்றுவிட்டது. ஏரிக்கரையில் ஒன்று, பூங்காவில் ஒன்று, படகில் ஒன்று. ஒவ்வொரு குடும்பத்திலும் யாராவது ஒருவர் கண்ணை மூடிவிட்டதாகச் சொல்லி மறுபடியும் ஒன்று. எங்கள் முறை வந்தால் இரவல் பையனைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவன் அழுவான், சமாதானம் செய்ய வேண்டும். அத்தை "மலைய எடுக்கணும், கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றால், "நாங்க நின்னா மலை கொறஞ்சா பூடும்?" என்று இன்னும் நெருங்கி நிற்பார்கள். ஆளில்லாமல் வெறும் மலையை எடுத்து ஃபிலிமைப் பாழாக்குவார்களா யாராவது?

இடையிடையே அத்தை எனக்குப் பாடம் எடுத்தாள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள், ஒரு கண்ணை மூடு, மூச்சை அடக்கு, மெதுவாக அமுக்கு. கடைசிப் படத்தில் அவள் நிற்க வேண்டுமே, அதை எடுக்க ஆள் வேண்டாமா? நைனா கேமராவைக் கையில் வாங்கினாலே வெலவெலத்துப் போவார். அம்மா தொடவே மாட்டாள். ஆக, ஒன்பது வயதில், எங்கள் வம்சத்தின் மானம் என் ஆள்காட்டி விரலில் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேன் கிளம்பியாக வேண்டும். ஏழு மணிக்கே அத்தை எங்களை வியூ பாயிண்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். மலையின் விளிம்பில் ஒரு பாறை மேடு, சுற்றி இரும்புக் கம்பி வேலி. கீழே பள்ளத்தாக்கு இருக்கிறது, எதிரே ஜவ்வாது மலை இருக்கிறது என்றார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை. பனி அப்படி மூடியிருந்தது. அத்தை அம்மாவின் மாம்பழக் கலர் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூவோடு, பல் கிடுகிடுக்க நின்றாள். ஸ்வெட்டர் போட்டால் புடவை தெரியாது என்று நைனா தடுத்துவிட்டார். கேமராவில் மிச்சம் இரண்டே படம். ஒன்று மலைக்கு, ஒன்று மாப்பிள்ளை வீட்டுக்கு.

எட்டானது, ஒன்பதானது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. கீழேயிருந்து டிரைவர் ஹாரன் அடித்தார். பிறகு அவரே ஏறி வந்துவிட்டார்.

"இன்னாண்ணாத்தே, பனி வெலகுற வரிக்கும் குந்திகினே இருந்தா வேலைக்கு ஆவுமா? இப்ப வண்டிய எடுத்தாத்தான் பூந்தமல்லிய வெளிச்சத்துல புடிக்கலாம்."

நைனா அவர் தோளில் கைபோட்டு டீ வாங்கித் தர அழைத்துப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, "பனி கீதோ இல்லியோ, அவள தலையிலேர்ந்து கால் வரிக்கும் முழுசா எடு. அது போதும்" என்றார்.

அவர் தலை மறைந்த பிறகுதான் அது நடந்தது. இட்லிப் பானை மூடியைத் திறந்ததும் ஆவி ஒதுங்கி ஒவ்வொரு இட்லியாகத் தெரியுமே, அதுபோல வெள்ளை ஒதுங்க ஒதுங்க ஒவ்வொரு மலையாக வந்தது. முதலில் ஒரு கறுப்பு முதுகு. அதன் பின்னால் நீலமாக ஒன்று. அதற்கும் பின்னால் இன்னும் வெளிறி ஒன்று. எண்ணிக்கொண்டே வந்தேன், ஏழாவதுக்கு மேல் எது மலை எது வானம் என்று பிரிக்க முடியவில்லை. அடியில் தீப்பெட்டி அளவில் வீடுகள். அவற்றின் மேல் மட்டும் வெயில். நான் "ஐயோ!" என்று கத்திவிட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை, வேறு என்ன செய்வது?

அத்தை ஈரப் பாறையில் மண்டியிட்டாள். "ஏம்மே, என் பொடவ!" என்று அம்மா அலறினாள். அத்தை காதில் வாங்கவே இல்லை. இடதுபக்கம் நகர்ந்தாள், வலதுபக்கம் நகர்ந்தாள், மூச்சை அடக்கினாள். டிக் என்றது. எழுந்தபோது அவள் முகம் இருந்த இருப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பிள்ளையைப் போலச் சிரித்தாள்.

பிறகு கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டு, வேலியோரம் போய் ஒழுங்காக நின்றாள். அம்மா அவளுடைய கொசுவத்தைச் சரிசெய்து, பூவை முன்னால் எடுத்துவிட்டு, பையும் ஸ்வெட்டருமாகப் பக்கத்தில் ஒதுங்கிக்கொண்டாள். நான் ஒரு கண்ணை மூடி ஓட்டைக்குள் பார்த்தேன்.

"எனக்குப் பின்னால எப்டி கீது?" என்றாள் அத்தை.

"ஒண்ணுமே தெர்ல அத்தே. நீதான் மலைய அடைச்சிகினு நிக்கிற."

அத்தை சிரித்தாள். அந்தச் சிரிப்பு மெல்ல அடங்கியதையும் ஓட்டைக்குள்ளேயே பார்த்தேன். நேராக நின்றாள். கையைக் கோத்துக்கொண்டாள். வேலிக்குக் கீழே பள்ளத்தில் வெள்ளை மறுபடியும் ஏறி வர ஆரம்பித்தது. எனக்குப் பதற்றமாகிவிட்டது. முழங்கையை ஒட்டினேன், மூச்சை அடக்கினேன். "அமுக்குடி!" என்று ஒரு குரல் கேட்டது. அமுக்கினேன்.

அமுக்கின அந்த நொடியில் ஓட்டைக்குள் அத்தை இல்லை. மலை மட்டும், ஏழு வரிசையும் வெயிலோடு, ஜோராக இருந்தது. கேமராவை இறக்கிப் பார்த்தால் அத்தை நான்கடி தள்ளி அம்மாவின் மேல் சாய்ந்திருந்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குளிரில் வழுக்கிவிட்டிருக்கிறாள், அதற்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேமராவுக்குள் ரோல் தானாகச் சுற்றிக்கொண்டு போய் நின்றது.

"எடுத்தாச்சா?" என்று மூச்சிரைக்க வந்தார் நைனா.

"எடுத்தாச்சு" என்றேன். பொய் இல்லையே.

அடுத்த பத்து நாள் நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல! கலர் ரோலை எங்கள் ஊர் ஸ்டுடியோவில் கழுவ முடியாது, மவுண்ட் ரோட்டுக்கு அனுப்பி வாங்கித்தான் தருவார்கள். அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓட்டையில் தெரியாதது கேமராவுக்குத் தெரிந்திருக்கலாம் அல்லவா என்று என்னையே சமாதானம் செய்துகொள்வேன். தெருமுனை அம்மனிடம், அத்தையை எப்படியாவது போட்டோவுக்குள் கொண்டுவந்து நிறுத்தும்படி வேண்டிக்கொண்டேன். முழு உருவம் கஷ்டமென்றால் இடுப்புவரைக்குமாவது போதும் என்று பேரமும் பேசிப் பார்த்தேன்.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது நைனா கவரோடு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏரி, படகு, இரவல் பையன், இரவல் பையன், கண்ணை மூடிய பட்டறை மேஸ்திரி, இரவல் பையன். பிறகு ஒரு மலை. அதன் பிறகு இன்னொரு மலை. அந்த இரண்டாவது மலையின் இடது ஓரத்தில் மட்டும் விரற்கடை அகலத்துக்கு மாம்பழக் கலரில் ஏதோ இருந்தது. நைனா கவரைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். வேறொன்றும் விழவில்லை.

முதலில் எழுந்தவள் அம்மாதான். "அறிவு கெட்டவளே! ஆள உட்டுட்டு மலைய எடுத்துகினு வந்து கீற!" என்று என் முதுகில் வைத்தாள் ஒன்று. சத்தம் தெருவுக்கே கேட்டது. வலி என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் அடி விழுந்த மரியாதைக்கு நான் ஊரைக் கூட்டினேன். அத்தை ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டாள். அவள் நெஞ்சு குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நினைத்து நான் இன்னும் பலமாக அழுதேன்.

நைனா விடவில்லை. பழைய ஸ்டுடியோ போட்டோவையே கொடுத்தனுப்பிப் பார்த்தார். அது போன வேகத்தில் திரும்பி வந்தது. இன்னொரு ரோல் எடுத்துக் கழுவி வருவதற்குள் மாப்பிள்ளையின் லீவு முடிந்துவிடும். திருத்தணிப் பக்கம் ஒரு பெண்ணை நிச்சயம் செய்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. நைனா அன்று ராத்திரி சாப்பிடும்போது அந்தக் கடைசிப் படத்தை மறுபடியும் கையில் எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மலை ஜோராத்தான் கீது" என்றார்.

அதைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியவரும் அவர்தான். வருகிறவர்களிடமெல்லாம் "எம்பொண்ணு எடுத்தது" என்பார். பேசாத மனிதர் பேசுகிற ஒரு விஷயமாக அது ஆகிப்போனது. அத்தை எடுத்த மலையைவிட நான் எடுத்ததுதான் தெளிவு என்று அத்தையே ஒப்புக்கொண்டாள். மூன்று வருஷம் கழித்து அவளுக்கு அம்மாவே ஒரு மாப்பிள்ளையைக் கண்டுபிடித்தாள். எஸ்டேட்டில் எலக்ட்ரீஷியன், எங்களுக்கு நாலு தெரு தள்ளி வீடு. போட்டோ கீட்டோ ஒன்றும் கேட்கவில்லை, நேரில் கூட்டிவந்து காட்டிவிட்டாள். அத்தை வேலையையும் விடவில்லை, கேமராவையும் விடவில்லை. இன்றைக்கும் பொழுது சாயும்போது எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

போன பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்தபோது அந்தப் படத்தைக் கழற்றி அம்மாவும் நானும் துடைத்துக்கொண்டிருந்தோம். இத்தனை வருஷம் கழித்து என்ன ஆகிவிடப் போகிறது என்று, உண்மையைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அமுக்கும்போது அத்தை உள்ளே இல்லை என்பது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சொல்லாமல் இருந்தேன் என்றேன்.

அம்மா துணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அது எப்டிடி இருப்பா? நான்தானே முந்தானைய புடிச்சி இழுத்தேன். இழுத்துகினே உன்ன அமுக்க சொன்னேன்."

"அத்தை சொல்லிச் செஞ்சியா?" என்றேன்.

"அவ எங்க சொன்னா? அண்ணங்காரன் சொல்ட்டான்னு கல்லாட்டம் நின்னா. இழுத்ததும் பாரு, அப்டி சிரிச்சா. அப்பறம்தான் அவளுக்கும் போவ இஷ்டமில்லன்னு எனக்கே தெரிஞ்சது."

"பின்ன எதுக்கு இழுத்த?"

அம்மா துணியை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டாள். "அம்மாந்தூரம் அவளும் பூட்டா, இந்த ஊட்ல நான் யாராண்ட பேசுறது?"

நான் அப்போது அந்த வீட்டில்தான் இருந்தேன். காலையில் கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே திரிந்தேன். அவளுக்குப் பேச ஆளில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியவே இல்லை.